பெயர் ஒன்று, அணிகள் பல: சிற்றூர் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

கனடாவின் மேற்கு மாகாணங்களில் ஐயாயிரம் பேர் வாழும் ஊரில்கூட ஓர் ஐஸ் அரங்கமும் அதற்கென ஒரு ஜூனியர் ஹாக்கி அணியும் (சுமார் 16 முதல் 20 வயதுவரை உள்ள இளைஞர்களின் அணி) இருப்பது அதிசயமில்லை. அரங்கின் உத்தரத்தில் வென்ற ஆண்டுகளைச் சொல்லும் கொடிகள் தொங்கும். நுழைவாயில் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளும் மங்கிப்போன குழுப் படங்களும் இருக்கும். அந்த அணியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கொடிகளைப் பார்த்துத் தொடங்கி, அலமாரியைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். நடுவிலிருக்கும் நாற்பது தோல்வி சீசன்கள் எழுதப்படாமலே போய்விடும். கீழே சொல்லப்படுவது அதற்கு எதிர்வழி: ஆட்ட அட்டவணையிலிருந்து தொடங்கி, ஊரின் சம்பளப் பட்டியல் வழியாகக் கோப்பைக்குப் போவது.

உதாரணத்துக்கு ஃபிளின் ஃபிளான் பாம்பர்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். மானிடோபா, சஸ்காட்செவன் மாகாணங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஃபிளின் ஃபிளான், செம்பு, துத்தநாகச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். வின்னிபெக்கிலிருந்து சாலைவழியே சுமார் 750 கி.மீ. வடக்கே. இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் அத்தனையும் இந்த ஓர் அணியிலேயே இருக்கின்றன.

முதலில், அணி எது என்று முடிவு செய்யுங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதில் தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும். ஓர் அணியின் பெயருக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கும்: பெயர், லீக்கில் ஆடுவதற்கான உரிமம், ஆட்டத்தின் நிலை. மூன்றும் ஒன்றாகவே பயணிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

பாம்பர்ஸ் தன் தொடக்க ஆண்டாகச் சொல்வது 1927. ஆனால் 1930களின் பத்திரிகைகளில் 'ஃபிளின் ஃபிளான் பாம்பர்ஸ்' என்று வருவதையெல்லாம் ஜூனியர் அணி என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரில் பெரியவர்களுக்கான சீனியர் அணி ஒன்றும் ஆடியது. பின்னாளில் தொழில்முறை அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸில் புகழ்பெற்ற சிட் ஏபெல் 1937-38இல் ஆடியது அந்த சீனியர் பாம்பர்ஸுக்கு. அவரை ஜூனியர் அணியின் 'முன்னாள் நட்சத்திரம்' என்று பட்டியலில் சேர்த்தால், விவரம் தெரிந்த முதல் வாசகரே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்த சிக்கல் 1978. மேற்கின் உயர்மட்ட ஜூனியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பாம்பர்ஸ் உரிமம் அந்த ஆண்டு எட்மன்டனுக்குப் போய் 'ஆயில் கிங்ஸ்' ஆனது. அங்கிருந்து 1979இல் அமெரிக்காவின் கிரேட் ஃபால்ஸ், பிறகு ஸ்போகேன். 'பாம்பர்ஸ்' என்ற பெயர் மட்டும் ஊரிலேயே தங்கி, ஒரு படி கீழே இருந்த லீக்கில் தொடர்ந்தது. 1984 முதல் அந்த அணி சஸ்காட்செவன் ஜூனியர் ஹாக்கி லீக்கில் ஆடுகிறது. இதில் 1978க்குப் பிந்தைய வரலாறு யாருடையது? ஊரின் வரலாறு எழுதுகிறவர் பெயரைத் தொடர்ந்து போக வேண்டும், லீக்கின் வரலாறு எழுதுகிறவர் உரிமத்தைத் தொடர்ந்து போக வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒரே அணி ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் ஆடியதாகிவிடும். முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "இந்த நூலில் பாம்பர்ஸ் என்பது இந்த ஊரில், இந்தப் பெயரில் ஆடிய ஜூனியர் அணி."

ஆயில் கிங்ஸ் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதே பெயரில் எட்மன்டனில் முன்பு இருந்த அணி 1976இலேயே போர்ட்லாண்டுக்குப் போய்விட்டது. 1978இல் வந்தது வேறு உரிமம். இன்று அங்கே ஆடும் ஆயில் கிங்ஸ் 2007இல் தொடங்கிய மூன்றாவது உரிமம். இணையப் புள்ளிவிவரத் தளங்களில் பெயரைத் தட்டினால் மூன்றும் ஒரே பக்கத்தில் கலந்து வரக்கூடும்.

ஆட்டத்தின் நிலையைப் பொறுத்தவரை ஒன்றை மனதில் வையுங்கள். 1970 வரை 'ஜூனியர் ஏ' என்றால் நாட்டின் மிக உயர்ந்த ஜூனியர் நிலை. அந்த ஆண்டு அது இரண்டாகப் பிரிந்தது. மேல் அடுக்கு இன்று 'மேஜர் ஜூனியர்' எனப்படுகிறது, கீழ் அடுக்குக்கே 'ஜூனியர் ஏ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1957இன் 'ஜூனியர் ஏ'வும் 1987இன் 'ஜூனியர் ஏ'வும் எழுத்தில்தான் ஒன்று.

அட்டவணைதான் முதுகெலும்பு

கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி என்று போடுங்கள். தேதி, கிழமை, உள்ளூரா வெளியூரா, எதிரணி, கோல் எண்ணிக்கை, லீக் ஆட்டமா பிளேஆஃபா (லீக் சுற்று முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்று) காட்சி ஆட்டமா, கூட்டம், தகவல் எங்கிருந்து வந்தது (பத்திரிகை, தேதி, பக்கம்), ஐயம் உண்டா: இத்தனை நெடுவரிசைகள் போதும். 'எங்கிருந்து' என்ற நெடுவரிசையை வெறுமையாக விட்ட வரிகளைத்தான் ஆறு மாதம் கழித்துத் திரும்பத் தேட வேண்டிவரும்.

கிழமையைத் தனியாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்திரிகையில் "நேற்றிரவு", "சனிக்கிழமை" என்றுதான் இருக்கும். பத்திரிகைத் தேதியை ஆட்டத் தேதியாக எழுதிவிடுவது இந்த வேலையின் மிகப் பொதுவான பிழை. கிழமையை எழுதினால் விரிதாளே காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைய லீக் அட்டவணை கிடைத்தால் முதலில் அதை அப்படியே ஏற்றுங்கள். பிறகு ஒவ்வோர் ஆட்டமும் உண்மையிலேயே நடந்ததா என்று பாருங்கள். பனிப்புயலால் தள்ளிப்போனவை, பஸ் பழுதாகி நின்றுபோனவை, ஐஸ் இளகியதால் ரத்தானவை எல்லா சீசனிலும் இருக்கும். வடக்கே ஓர் அணி இருந்தால் தென்பகுதி அணிகள் அவ்வளவு தூரம் ஒரே ஆட்டத்துக்காக வரமாட்டார்கள். இரண்டு இரவுகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்வார்கள். எனவே ஒரு தேதி மட்டும் தனியாக நின்றால், அதன் ஜோடி எங்கே என்று தேடுங்கள்.

பத்திரிகைச் சுருள்கள்

உள்ளூர்ப் பத்திரிகைதான் முதல் ஆதாரம். ஃபிளின் ஃபிளானுக்கு 1946 முதல் 'ரிமைண்டர்' இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு அண்டை ஊரான தி பா, மாநகரான வின்னிபெக் ஆகியவற்றின் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டும். ஊர் மானிடோபாவில், அணி ஆடியது பெரும்பாலும் சஸ்காட்செவன் லீக்கில். ஆகவே ரெஜைனாவின் 'லீடர் போஸ்ட்', சஸ்கடூனின் 'ஸ்டார் ஃபீனிக்ஸ்' இரண்டும் வின்னிபெக் பத்திரிகைகளைவிடப் பலசமயம் அதிகம் கொடுக்கும். ஆவணக் காப்பகமும் இதேபோல் இரண்டு. ஒரு மாகாணத்தில் மட்டும் தேடிவிட்டு 'ஆதாரம் இல்லை' என்று எழுதாதீர்கள்.

நேரக் கணக்கைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சுமார் 30 வாரம். வாரம் ஐந்து நாள் வரும் பத்திரிகையானால் 150 இதழ். விளையாட்டுப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படமெடுக்க இதழுக்கு 3 நிமிடம் என்றால், ஒரு சீசனுக்கு ஏழரை மணி நேரம். பழைய இதழ்களைப் படச்சுருளில் காட்டும் மைக்ரோஃபிலிம் கருவியின் முன் ஒருநாளில் அதற்குமேல் உட்கார்ந்தால் கண் ஏமாற்றத் தொடங்கும்: 3, 8 ஆகும், 1, 7 ஆகும். பழைய அச்சில் இந்த இரண்டு ஜோடிகளையும் எப்போதும் இரண்டாவது ஆதாரத்தோடு ஒப்பிடுங்கள்.

முடிவு வராத இரவுகள் இருக்கும். மேற்கில் நடந்த ஆட்டம் அச்சுக்குப் போகும் நேரத்துக்குப் பின் முடிந்திருந்தால் மறுநாள் இதழில் இருக்காது, அதற்கடுத்த நாளில் இரண்டு வரியாக வரும். அதுவும் இல்லையென்றால் எதிரணி ஊரின் பத்திரிகையைப் பாருங்கள். நம்முடைய மோசமான தோல்வி அங்கே முதல் பக்கச் செய்தியாக இருக்கும்! ஊர்ப் பத்திரிகை 9-1 தோல்வியை மூன்று வரியில் முடித்துக்கொள்ளும். எதிரணிப் பத்திரிகை ஒன்பது கோலையும் வரிசையாகச் சொல்லும்.

விளையாட்டுப் பக்கத்தோடு நிற்காதீர்கள். நகர மன்றக் கூட்டச் செய்திகளில்தான் அரங்க வாடகை, கூரைப் பழுது, கடன் எல்லாம் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் டிக்கெட் விலை.

இன்னொரு புதையல் ஊர் வரலாற்றுத் தொகுப்புகள். சஸ்காட்செவன் மாகாணத்தின் 75ஆம் ஆண்டு 1980இல் வந்தது. நாட்டின் நூற்றாண்டு 1967இல், மானிடோபாவின் நூற்றாண்டு 1970இல். இந்த ஆண்டுகளையொட்டிப் புல்வெளி ஊர்கள் பல கனமான குடும்ப வரலாற்று நூல்களை அச்சிட்டன. அவற்றில் ஹாக்கிக்கென ஒரு அத்தியாயம் தப்பாமல் இருக்கும், பிழையும் தப்பாமல் இருக்கும். படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதற்கு அவற்றை நம்பலாம், ஆண்டுக்கு நம்பாதீர்கள்.

ஆட்டத் தாளைப் படிப்பது

அதிகாரபூர்வ ஆட்டத் தாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேலே இரு அணிகளின் வீரர் பட்டியலும் சட்டை எண்களும். கீழே ஒரு பக்கம் கோல்கள்: எந்தப் பீரியட் (ஆட்டத்தின் மூன்று 20 நிமிடப் பகுதிகளில் ஒன்று), நேரம், அடித்தவர், உதவியவர் இருவர்வரை. மறுபக்கம் பெனால்டிகள்: எண், குற்றம், நிமிடம். அடியில் நடுவர்களின் கையெழுத்து. பெரும்பாலும் கார்பன் நகல்தான் மிஞ்சியிருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து வாசித்தால் பேனா அழுத்திய பள்ளம் தெரியும்.

நேரத்தில் ஒரு விஷயம். அரங்கக் கடிகாரம் மீதமிருக்கும் நேரத்தைக் காட்டும், தாளில் எழுதப்படுவது கடந்துபோன நேரம். மூன்றாம் பீரியடில் 19:40 என்றால் ஆட்டம் முடிய 20 நொடி இருக்கும்போது விழுந்த கோல். பீரியட் தொடங்கிய 20 நொடியில் என்று எழுதிவிட்டால் கடைசி நேர வெற்றி காணாமல் போய்விடும்.

கணக்கைச் சரிபார்க்க ஹாக்கியில் வசதியான ஒரு விதி உண்டு. கால்பந்தில் இருப்பதுபோல் 'சுயகோல்' என்ற பதிவு இங்கே கிடையாது. எதிரணிக்காரர் தன் வலையிலேயே தள்ளினாலும், கடைசியாக 'பக்' எனும் ரப்பர் வட்டைத் தொட்ட நம் வீரர் பெயரில்தான் அது ஏறும். ஆகவே ஒரு சீசனில் வீரர்களின் கோல்களைக் கூட்டினால் அணியின் மொத்த கோல் அப்படியே வர வேண்டும். வரவில்லையென்றால் மூன்று காரணங்களில் ஒன்று: சீசன் நடுவில் அணி மாறிய வீரரின் கோல்கள் முழுதாக ஒரே அணியில் ஏறியிருக்கும்; ஆடாமலே கொடுக்கப்பட்ட வெற்றி ஒன்று சேர்ந்திருக்கும்; அண்மைக் கால சீசன் என்றால் ஷூட்-அவுட் (சமநிலையில் முடிந்தால் வீரர்கள் ஒவ்வொருவராகக் கோலியை எதிர்த்து அடிப்பது) வெற்றிக்கான ஒரு கோல் அணிக்கு மட்டும் சேர்ந்திருக்கும். இந்த மூன்றும் இல்லையென்றால் உங்கள் விரிதாளில்தான் பிழை. இதேபோல் லீக் முழுக்கப் போட்ட கோல்களும் வாங்கிய கோல்களும் சமமாக இருக்க வேண்டும். அசிஸ்ட்கள், அதாவது கோலுக்கு உதவிய பதிவுகள், கோல்களின் இரு மடங்கைத் தாண்டவே முடியாது.

எண்களை அப்படியே நம்பினால் என்ன ஆகும்

ஊரின் மிகப் பெரிய பெயர் பாபி கிளார்க். 1949இல் அங்கேயே பிறந்தவர், பின்னாளில் தொழில்முறை அணியான ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸின் கேப்டன். அவருடைய மூன்று ஜூனியர் சீசன்களைப் பாருங்கள்: 1966-67இல் 45 ஆட்டத்தில் 183 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து), 1967-68இல் 59 ஆட்டத்தில் 168, 1968-69இல் 58 ஆட்டத்தில் 137. ஆட்டத்துக்கு 4.07, 2.85, 2.36. எண்ணை மட்டும் பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தவர் என்று எழுதத் தோன்றும்.

நடந்தது வேறு. 1966-67இல் பாம்பர்ஸ் ஒரே ஒரு சீசன் மானிடோபா ஜூனியர் லீக்கில் ஆடியது. அடுத்த ஆண்டு புதிதாக உருவாகியிருந்த, இன்னும் கடுமையான மேற்குக் கனடா ஜூனியர் லீக்குக்கு மாறியது. முதல் வீழ்ச்சியின் பெரும்பகுதி எதிரணிகளின் தரத்தால் வந்திருக்கலாம். அதே இரண்டு ஆண்டில் அவருடைய வலப்பக்கம் ஆடிய ரெஜி லீச் 45 ஆட்டத்தில் 67 கோல், பிறகு 59 ஆட்டத்தில் 87 கோல் போட்டார். ஆட்டத்துக்கு 1.49, அடுத்து 1.47. கடினமான லீக்குக்குப் போயும் ஒருவரின் கோல் வேகம் குறையவேயில்லை. இதை அறிய மொத்த எண்ணை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தால் போதும், ஆனாலும் பலர் செய்வதில்லை. மூன்றாம் ஆண்டில் லீச் வெறும் 22 ஆட்டம்தான் ஆடினார். அவர் இல்லாத நாட்களில் கிளார்க்கின் பாஸை வலைக்குள் தள்ள யார் இருந்தார்கள் என்ற கேள்வியிலிருந்து 1968-69ஐப் பற்றிய பத்தி தொடங்கலாம்.

கோப்பைகளுக்கும் இதே எச்சரிக்கை. 1972க்கு முன், கனடாவின் தேசிய ஜூனியர் கோப்பையான மெமோரியல் கோப்பையின் இறுதி என்பது கிழக்கின் சாம்பியனும் மேற்கின் சாம்பியனும் மோதும் நீண்ட தொடர். 1957இல் பாம்பர்ஸ் வென்றது அப்படிப்பட்ட ஏழு ஆட்டத் தொடரை. எதிரே நின்றது மான்ட்ரியல் கனேடியன்ஸ் வளர்த்த ஒட்டாவா ஜூனியர் அணி, அதை நடத்தியவர் சாம் பொல்லாக். அந்த ஆண்டின் குழுப் படத்தில் ஆர்லண்ட் கர்ட்டன்பாக்கைப் பார்த்துவிட்டு அவர் சீசன் முழுக்கப் பாம்பர்ஸ் என்று எழுதாதீர்கள். தோற்று வெளியேறிய அணிகளிலிருந்து சிலரை பிளேஆஃபுக்குச் சேர்த்துக்கொள்ள அன்று விதி இடம் கொடுத்தது. அவர் பிரின்ஸ் ஆல்பர்ட் மின்டோஸிலிருந்து வந்தவர். வீரர் பட்டியலில் இவர்களுக்கு ஒரு தனிக் குறி போடுங்கள்.

கோப்பை இல்லாத ஆண்டுக்கும் காரணம் தேடுங்கள். 1968-69இல் மேற்குக் கனடா லீக் தேசிய அமெச்சூர் சங்கத்திலிருந்து பிரிந்து நின்றது. ஆகவே லீக்கை வென்றும் பாம்பர்ஸுக்கு மெமோரியல் கோப்பையில் இடமே இல்லை. பிரிந்துபோன ஒன்டாரியோ லீக்கின் செயின்ட் தாமஸ் பாரன்ஸோடு தனியாக ஒரு தொடர் ஆடினார்கள். நான்காவது ஆட்டத்தில் வன்முறை என்று சொல்லி பாரன்ஸ் பாதியிலேயே ஐஸைவிட்டு இறங்கிப் போனது. உத்தரத்துக் கொடியில் இந்தக் கதை எதுவும் இருக்காது.

சம்பளப் பட்டியல்

அவ்வளவு சிறிய ஊர் எப்படி அவ்வளவு பெரிய அணிகளை வென்றது? பதில் பயிற்சியாளரின் சொற்பொழிவில் இல்லை, சுரங்கத்தில் இருக்கிறது. ஹட்சன் பே சுரங்க உருக்கு நிறுவனம் உருவானதும் 1927, அணி சொல்லிக்கொள்ளும் தொடக்கமும் 1927. 1928இல் ரயில் வந்தது. அரங்கத்தின் பெயரான 'விட்னி ஃபோரம்' சுரங்கத்துக்குப் பணம் போட்ட அமெரிக்கக் குடும்பத்தின் பெயர். அந்தச் சுரங்கத்தில் ஹாக்கிப் பையன்களுக்கு வேலை கிடைத்தது, வெளியூர்ப் பையன்களை ஊருக்கு இழுத்ததும் அதுதான்.

ஆகவே உங்கள் விரிதாளில் இரண்டாவது தாளைச் சேர்த்து, ஊரின் பெரிய வேலைவாய்ப்பு நிகழ்வுகளை ஆண்டுவாரியாக எழுதுங்கள். வேலைநிறுத்தம் (இங்கே 1934, 1971), புதுச் சுரங்கம், மூடல் (உருக்காலை 2010, 777 சுரங்கம் 2022), மக்கள்தொகைக் கணக்கு. பிறகு கூட்ட எண்ணிக்கையையும் டிக்கெட் விலையையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினாலும் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பில் அந்தக் காரணம் வாயால் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். வேறு ஊரானால் சுரங்கத்தின் இடத்தில் மரஆலை, ரயில் பணிமனை, கோதுமைக் கிடங்கு என்று வைத்துப் பாருங்கள்.

ஆட்களிடம் பேசும்போது

காகிதம் காத்திருக்கும், ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். 1957இல் ஆடியவர்கள் இன்று 85ஐ ஒட்டியோ தாண்டியோ இருப்பவர்கள். ஆகவே நேர்காணலை முதலில் முடியுங்கள். ஒரு அமர்வு 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு கருவிகளில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவை எங்கே வைப்பீர்கள், யார் கேட்கலாம் என்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கையோடு அந்த சீசனின் ஆட்டப் பட்டியலை அச்செடுத்துப் போங்கள்.

கோல்களைக் கேட்காதீர்கள். அதை நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பீர்கள், அவர் சொல்வது பெரும்பாலும் மாறியும் இருக்கும். எந்த வீட்டில் தங்கினீர்கள், அந்த வீட்டுக்காரம்மா ஆட்ட நாளில் என்ன சமைத்தார், பஸ்ஸில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், ஹீட்டர் வேலை செய்ததா, கையில் எவ்வளவு காசு கிடைத்தது, மட்டையை யார் வாங்கிக்கொடுத்தது என்று கேளுங்கள். இவை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. வீரர்களைத் தங்கவைத்த குடும்பங்கள், டிக்கெட் கிழித்தவர், ஐஸ் போட்டவர், பஸ் ஓட்டியவர் இவர்களையும் கேளுங்கள். வீரன் மூன்று சீசன் இருப்பான், ஐஸ் போடுகிறவர் முப்பது வருடம் இருப்பார்.

பெயர்களை ஒருங்கிணைக்கத் தனிப் பட்டியல் வையுங்கள். 1957இல் ஆடிய பாட் ஜினெலும் 1960களின் கடைசியில் கிளார்க்குக்குப் பயிற்சியளித்த பாடி ஜினெலும் ஒரே ஆள்.

படங்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: 600 டிபிஐ, டிஃப் வடிவம், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், முகங்களை இடமிருந்து வலமாக இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். கனடாவில் 1949க்கு முன் எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, அதற்குப் பிந்தையவற்றுக்கு அனுமதி கேளுங்கள்.

மலர்களில் வராதவை

அணி நிர்வாகம் வெளியிடும் ஆண்டு மலரில் சில விஷயங்கள் வராது. அடிதடியை வீரமாக எழுதியிருப்பார்கள். ஜினெல் கால பாம்பர்ஸோடு ஆட வரும் அணிகளில் சிலருக்குத் திடீரென உடம்பு சரியில்லாமல் போகும் என்றும், அதற்கு 'ஃபிளின் ஃபிளான் காய்ச்சல்' என்று பெயர் என்றும் நகைச்சுவையாகச் சொல்வார்கள். பெனால்டி நிமிடங்களையும் காயங்களையும் பக்கத்தில் வைத்தால் அந்த நகைச்சுவையின் மறுபக்கம் தெரியும்.

ரெஜி லீச் ஓஜிப்வே இனத்தவர். அந்தக் காலப் பத்திரிகைகள் பூர்வகுடி வீரர்களைக் குறித்த சொற்களில் பல இன்று வசவு. மேற்கோளில் தேவைப்படும் இடத்தில் மட்டும் காட்டுங்கள், உங்கள் வாக்கியத்தில் அவரவர் இனப் பெயரையே எழுதுங்கள்.

விபத்தும் அத்துமீறலும் இந்த விளையாட்டின் வரலாற்றில் உண்டு. ஸ்விஃப்ட் கரன்ட் பிரான்கோஸ் அணியின் பஸ் 1986 டிசம்பர் 30 அன்று கவிழ்ந்து நான்கு வீரர்கள் இறந்தார்கள். இரண்டரை ஆண்டுக்குள், 1989இல் அதே அணி மெமோரியல் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையின் பயிற்சியாளர் வீரர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்பது 1997இல் நீதிமன்றத்தில் நிரூபணமானது. 1989 முதல் 1996 வரை எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்தால், சோகத்திலிருந்து மீண்ட அணி என்ற கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஆகவே நீதிமன்றப் பதிவுகளையும் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் தானே பொதுவெளியில் பேசியிருந்தால் ஒழிய அவர் பெயரை எழுதாதீர்கள்.

வரைவு முடிந்ததும் அச்சுக்குப் போகுமுன் விரிதாளையும் ஸ்கேன்களையும் மூன்று இடத்தில் வையுங்கள்: ஊர் நூலகம், மாகாணக் காப்பகம், லீக் அலுவலகம். கோப்புப் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும், 1956-57 என்று இரண்டு ஆண்டும் சேர்த்து. '1957 சீசன்' என்று மட்டும் எழுதினால் அது ஏப்ரலில் முடிந்ததா அக்டோபரில் தொடங்கியதா என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியாது.